விடிகாலை 3 மணிக்கு எங்கடா போறீங்க?

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீசுல ஆணி அதிகம். வழக்கமா இவ்ளோ இடைவெளி விட்டா ஒரு மொக்கையைப் போட்டு உங்களை உசுப்பிட்டு ஓடிடுவேன். இன்னைக்கு அப்படி இல்லை. மூணு வாரமா நாலு தடவை அழிச்சு அழிச்சு எழுதினது இது. கொஞ்சம் நீளம். பொறுத்துக்குங்க மக்களே.

எங்க ஊர் மரக்காணம். ஈ.சி.ஆர்ல சென்னையில இருந்து பாண்டிக்குப் போறவங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. திடீர்னு ரோட்டுப் பக்கமா கண்ணாடி கண்ணாடியா தண்ணி, நடுநடுவுல வெள்ளைக் குவியல். "வாவ், உப்பு!"ன்னு ஒரு போட்டோ எடுத்துட்டுப் போயிடுவீங்க. தப்பில்லை. ஆனா நீங்க போட்டோ எடுக்குற நேரத்துல உப்பளத்துல பெரும்பாலும் ஆள் இருக்க மாட்டாங்க. ஜனவரி வாக்குல ஆரம்பிச்சு மழை பிடிக்கிற வரைக்கும் சீசன். ராத்திரி ரெண்டரை, மூணுக்கே வேலைக்குக் கிளம்பிடுவாங்க. வெயில் ஏறிட்டா பாத்தியில நிக்க முடியாது. கீழ உப்புத்தண்ணி காலை அறுக்கும், மேல வெள்ளையில பட்டுத் திரும்புற வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும். அதனால எங்க ஊர்ல விடிகாலை மூணு மணிக்கு ரோட்டுல சைக்கிள்ல ஒருத்தன் போறான்னா அவன் திருடன் இல்லை, உப்பளத்துக்குப் போறவன். ஊர்ல எல்லாருக்கும் இது தெரியும். போலீசுக்கும் தெரியும்.

இனி கொசுவத்தி சுத்தல். 2013 மே மாசம்.

பத்தாவது பரீட்சை எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த லீவு. என்னோட ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் ஒரே பெஞ்சில உட்கார்ந்தவன் ஒருத்தன் இருந்தான். எட்டாவதோட நின்னுட்டு அம்மாவோட உப்பு வாரப் போயிட்டான். பேர் சொல்லக்கூடாது. ஏன்னு பிறகு சொல்றேன். நண்பன்னே வெச்சுக்குங்க. "ஒரு நாள் நானும் வரேண்டா"ன்னு நான்தான் நச்சரிச்சேன். சும்மா வேடிக்கை பார்க்க. என் வீட்டுல அப்பா வாத்தியார். எனக்கு அது பிக்னிக், அவனுக்கு அது கூலி.

அவன் சைக்கிள், நான் பின்னாடி கேரியர்ல. ஹேண்டில்ல ஒரு தூக்குவாளியில பழைய சோறு. ஒரு மஞ்சப்பையில டார்ச் லைட்டும், ஒரு குவார்ட்டர் பாட்டில்ல தேங்காய் எண்ணெயும். உப்பள வேலை செய்யறவங்க காலு பாளம் பாளமா வெடிச்சிருக்கும், அதுக்குத் தடவ. பாட்டில்ல பாண்டிச்சேரி லேபிள் அப்படியே இருந்துச்சு.

அது எப்பேர்ப்பட்ட சமயம்னு சொல்லணும். அதுக்கு ஒரு மாசம் முன்னாடி, 2013 ஏப்ரல் 25-ம் தேதி, எங்க ஊர்ல சாதிக் கலவரம் நடந்து வீடுகள் எரிஞ்சுது. உசுரும் போச்சு. அதுக்கப்புறம் ஈ.சி.ஆர்ல எங்க பார்த்தாலும் போலீஸ். அது போதாதுன்னு பாண்டி சரக்குக் கடத்தலுக்கான வழக்கமான சோதனை வேற.

"டேய், நில்லுங்கடா. இந்நேரத்துல எங்கடா போறீங்க?"

"உப்பளத்துக்கு சார்."

பையைக் கொட்டினாங்க. பாட்டில் உருண்டுச்சு. ஒருத்தர் எடுத்து மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். எண்ணெய்னு அவருக்குப் புரிஞ்சுடுச்சு. அதை நான் அவர் முகத்துலயே பார்த்தேன். அதோட விட்டிருக்கலாம். ஆனா அந்த வாரம் ஏதோ ஒரு உப்பளத்துல தண்ணி இறைக்கிற மோட்டார் காணாமப் போயிருந்துச்சாம். அடுத்த கேள்வி, "எந்தத் தெரு?"

வயசைக் கேட்கலை. தெருவைக் கேட்டாங்க.

நான் என் தெருவைச் சொன்னேன். "வாத்தியார் பையன் சார்"ன்னும் சேர்த்துச் சொன்னேன். யாரும் கேட்காமலே சொன்னேன். அவன் "காலனி சார்"னு சொன்னான். அவ்ளோதான். என்னைப் பார்த்து, "உனக்கு இவன்கூட இந்நேரத்துல என்னடா வேலை, வீட்டுக்கு ஓடு"ன்னு விரட்டினாங்க. அவனை ஜீப்புல ஏத்தினாங்க.

நான் ஓடினேன். நிஜமாவே ஓடினேன். வீட்டுல போய், "வயித்து வலி, பாதியிலயே திரும்பிட்டேன்"ன்னு சொல்லிட்டுப் படுத்துட்டேன். அவங்க அம்மா கிட்ட போய்ச் சொல்லணும்னு கூடத் தோணலை. தோணுச்சு, ஆனா போகலை. இதுதான் உண்மை.

மறுநாள் சாயங்காலம்தான் அவனை விட்டாங்க. கேஸ் எதுவும் இல்லை. இடது காது ஒரு வாரம் "ங்ஙொய்"ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சுன்னான். விரல்ல மை, ஒரு செல்போன்ல எடுத்த போட்டோ, ஒரு நோட்டுல பேரு, வயசு 19. அவனுக்கு அப்ப 16 கூட முடியலை.

அப்ப இருந்த சட்டம் 2000-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம். அதுப்படியே 18 வயசுக்குக் கீழ இருக்குற யாரையும் லாக்கப்புல வைக்கக் கூடாது. பிடிச்ச உடனே சிறார்களுக்கான போலீஸ் அலுவலர் பொறுப்புல விடணும், 24 மணி நேரத்துக்குள்ள இளைஞர் நீதிக் குழுமத்து முன்னாடி நிறுத்தணும், அம்மா அப்பாவுக்குச் சொல்லணும். இப்ப இருக்குற 2015 சட்டமும் இதையே இன்னும் அழுத்தமா சொல்லுது. அதோட 2016 விதிகள் இன்னும் ஒரு படி மேல. கொடுங்குற்றம் இல்லைன்னா, பெரியவங்களோட சேர்ந்து செய்யலைன்னா, சிறுவன் மேல எஃப்.ஐ.ஆரே போடக்கூடாது. விலங்கு மாட்டக்கூடாது. எந்த வாக்குமூலத்துலயும் கையெழுத்து கேட்கக்கூடாது. இலவச வக்கீலுக்காக சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தகவல் சொல்லணும். நாம ஒண்ணும் நேத்து முளைச்சவங்க இல்லை. கல்கத்தா 1922-லயும் பம்பாய் 1924-லயும் குழந்தைகள் சட்டம் கொண்டு வர்றதுக்கு முன்னாடியே, 1920-ல சென்னை மாகாணம் கொண்டு வந்தாச்சு.

அப்ப எங்கதான் ஓட்டை? இதைப் புரிஞ்சிக்க எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுக்கு மிச்சக் கதையையும் சொல்லணும்.

அடுத்த வருஷம், 2014. இன்னொரு மோட்டார் திருட்டு. பறிகொடுத்தவர் கிட்ட நாலஞ்சு போட்டோவைக் காட்டியிருக்காங்க. அதுல ஒண்ணு அந்த செல்போன் போட்டோ. "இந்தப் பையன் மாதிரிதான் இருந்துச்சு"ன்னு அவர் சொல்லிட்டார். பெரியவங்க ரெண்டு பேரோட சேர்த்து இவனையும் பிடிச்சாங்க. நோட்டுல ஏற்கெனவே வயசு 19-ன்னு இருக்கே! அதையே பார்த்து எழுதி மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தி, பெரியவங்க ஜெயிலுக்கே அனுப்பிட்டாங்க. 11 நாள்.

அவங்க அம்மா எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க. "சார், எம்புள்ளைக்கு வயசு 17-தான்னு நீங்கதான் சார் எழுதிக் கொடுக்கணும்." அவன் ஒண்ணாவது சேர்ந்த ஊராட்சி ஒன்றியப் பள்ளியில அப்ப எங்க அப்பாதான் தலைமையாசிரியர். முதல்ல சேர்ந்த பள்ளிக்கூடத்தோட பிறந்த தேதிச் சான்றுக்கு வயசு விஷயத்துல சட்டத்துலயே மதிப்பு உண்டு. பத்தாவது சர்டிபிகேட் இல்லாதவனுக்கு அதுதான் உயிர். எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயசு பார்க்குறதெல்லாம் எந்தச் சான்றும் இல்லைன்னாதான்.

அந்தம்மா பேச்சுல பழைய கதையும் வந்துடுச்சு. போன வருஷம் மே மாசம் பிடிச்சுட்டுப் போனது, எண்ணெய் பாட்டில், போட்டோ எல்லாம். அவங்க போனதும் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு நீ வயித்து வலின்னு திரும்பி வந்தியே, அதே நாளா?"

தலையாட்டினேன். அப்பா திட்டலை, அடிக்கலை. ராத்திரி சாப்பாட்டுல ஒரு வார்த்தை பேசலை. விடிஞ்சதும் ஸ்கூல் சாவியை எடுத்துட்டுப் போய், பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தூசி தட்டி, சான்று எழுதி, தானே பஸ் ஏறிப் போய்க் கொடுத்துட்டு வந்தார். பன்னிரண்டாம் நாள் அவனை ஜெயில்ல இருந்து மாத்தினாங்க. கேஸ் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போச்சு. ஜாமீனும் கிடைச்சுது.

குழுமத்துல இலவச சட்ட உதவி வக்கீல் ஒரு நல்ல கேள்வி கேட்டாராம். "இந்த போட்டோ எப்ப எடுத்தது? அன்னைக்கு உன்னை ஸ்டேஷன்ல வெச்சிருந்ததுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா? பிடிச்சுட்டுப் போனதைப் பார்த்தவங்க யாராவது?"

"யாரும் இல்லை சார்"னு சொல்லியிருக்கான் நண்பன்.

அவன் என் பேரைச் சொல்லலை. நான் அப்ப பன்னிரண்டாவது. கட்ஆஃப், கவுன்சிலிங்னு அலைஞ்சிட்டிருந்தேன். கேஸ் நடக்குறது எனக்குத் தெரியும். அப்பா சொல்லியிருந்தார். நானா போய் "நான் பார்த்தேன்"னு சொல்லலை.

விசாரணையை நாலு மாசத்துல முடிக்கணும்னு சட்டம். இழுத்தது ரெண்டு வருஷம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ரெண்டு கூலி போச்சு, பஸ் காசு தனி. கடைசியில, "ஒத்துக்கிட்டா கண்டிச்சு அனுப்பிடுவாங்க, முடிஞ்சுடும்"னு யாரோ சொல்ல, ஒத்துக்கிட்டான். செய்யாத திருட்டுக்கு. குழுமம் அறிவுரை சொல்லி அனுப்பிடுச்சு. வக்கீல், "30 நாளைக்குள்ள செஷன்ஸ் கோர்ட்டுல மேல்முறையீடு பண்ணலாம்மா, அந்த போட்டோ விஷயத்தை எடுத்துச் சொல்லலாம்"னு சொல்லிப் பார்த்திருக்கார். அந்தம்மா கும்பிட்டுட்டு வந்துட்டாங்க. 30 நாள் ஓடிப்போச்சு.

இப்ப நான் பொட்டி தட்டுறவன் மூளையோட யோசிக்கிறேன். மேல்முறையீடுன்னா என்ன? மேல இருக்குற ஒருத்தர், கீழ நடந்ததைத் திரும்ப ஓட்டிப் பார்த்து எங்க தப்புன்னு கண்டுபிடிக்கிறது. நாங்க புரொடக்‌ஷன்ல பக் வந்தா பண்றதும் அதேதான். ஆனா திரும்ப ஓட்டிப் பார்க்க லாக் வேணுமே! 2015 சட்டத்துல பிரிவு 101 மேல்முறையீடு, பிரிவு 102 உயர் நீதிமன்றத்துல சீராய்வு. ரெண்டுமே ஒரு "உத்தரவை" எதிர்த்துத்தான். ரோட்டோரத்துல மூணு மணிக்குப் பையைக் கொட்டினதுக்கும் தெருப்பேரு கேட்டதுக்கும் உத்தரவு ஏது? பேப்பர் ஏது? எல்லாப் பாதுகாப்பும் பேப்பர்ல பேரு ஏறினதுக்கு அப்புறம்தான் வேலை செய்யுது. அடி விழறது அதுக்கு முன்னாடி.

இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. அமெரிக்காவுல சட்டவிரோதமா சோதனை போட்டுக் கிடைச்சதைப் பொதுவா சாட்சியமா ஏத்துக்க மாட்டாங்க. அதனால அங்க சிறுவர் கோர்ட் அப்பீல்கள்ல "என்னை நிறுத்தினதே தப்பு"ங்கிறதே ஒரு வாதம். 1978-ல கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்துல டோனி சி.ன்னு ஒரு வழக்கு. (பாருங்க, அங்கயும் பையனோட முழுப் பேர் கிடையாது.) முந்தின நாள் அந்த ஏரியாவுல திருட்டு, சந்தேகம் கறுப்பின ஆண்கள் மேல. பட்டப்பகல்ல நடந்து போன ரெண்டு கறுப்பினப் பசங்களை அதுக்காகவே போலீஸ் நிறுத்திடுச்சு. அந்தக் காரணம் பத்தாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. நம்ம ஊர்ல பூரண் மால் வழக்குத் தீர்ப்புக்கு அப்புறம் நிலைமை வேற. அது வருமான வரி ரெய்டு பத்தினது. சோதனை முறைகேடா நடந்திருந்தாலும் கிடைச்ச பொருள் வழக்குக்குச் சம்பந்தப்பட்டதுன்னா சாட்சியமா எடுத்துக்கலாம்னு அதுல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. அதனால "நிறுத்தினதே தப்பு"ங்கிற வாதத்துக்கு இங்க பெரிய பலன் இல்லை.

அமெரிக்காவும் ஒண்ணும் சொர்க்கம் இல்லை. 1964-ல அரிசோனாவுல ஜெரால்டு கால்ட்டுன்னு 15 வயசுப் பையன். பக்கத்து வீட்டம்மாவுக்கு போன்ல ஆபாசமா பேசினான்னு பிடிச்சுட்டுப் போனாங்க. வேலைக்குப் போயிருந்த அப்பா அம்மாவுக்கு ஒரு தகவலும் இல்லை. விசாரணையில என்ன பேசினாங்கன்னு யாரும் எழுதி வைக்கலை. தண்டனை, 21 வயசு வரைக்கும் சீர்திருத்தப் பள்ளி. அதே குற்றத்தைப் பெரியவன் பண்ணியிருந்தா அதிகபட்சம் 50 டாலர் அபராதம், இல்லைன்னா ரெண்டு மாசம் ஜெயில்! இதுல கொடுமை, அப்ப அரிசோனாவுல சிறுவர் வழக்குக்கு அப்பீலே கிடையாது. ஆட்கொணர்வு மனு போட்டுச் சுத்தி வளைச்சுத்தான் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. 1967 மே 15-ல தீர்ப்பு. சிறுவர்களுக்கும் வக்கீல் உண்டு, குற்றச்சாட்டைத் தெரிஞ்சுக்குற உரிமை உண்டு, பேசாம இருக்குற உரிமை உண்டு. அப்பீல் உரிமை பத்தியும், விசாரணையை எழுதி வைக்கிறது பத்தியும் மட்டும் அந்தத் தீர்ப்பு முடிவா ஒண்ணும் சொல்லலை. ஆக, அங்கயும் லாக்தான் கடைசியா வருது.

"இதெல்லாம் அந்தக் காலம்"னு சொல்றவங்களுக்கு. எங்க ஊர் வழியா வர்ற அதே ஈ.சி.ஆர்ல இருக்குற நீலாங்கரை காவல் நிலையத்துல, 2014 ஜனவரியில, திருட்டு விசாரணைக்குக் கூட்டிட்டு வந்த 15 வயசுப் பையன் கழுத்துல இன்ஸ்பெக்டரோட துப்பாக்கிக் குண்டு பாய்ஞ்சுது. எப்படியோ பிழைச்சான். 2022 டிசம்பர் கடைசியில ரயில்வே பேட்டரி திருடினான்னு பிடிச்ச 17 வயசுப் பையன், செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துக்குப் போன ரெண்டு நாளைக்குள்ள செத்துப்போனான். அங்க வேலை பார்த்தவங்களையே கைது பண்ணினாங்க. அப்புறம் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவை வெச்சு இந்த இல்லங்களை எல்லாம் ஆராய ஒரு நபர் குழு போட்டாங்க. அவர் 2023 நவம்பர்ல அறிக்கை கொடுத்தார். இந்த ரெண்டு பசங்களுக்கும் மேல்முறையீட்டுப் பிரிவு புத்தகத்துல பத்திரமாத்தான் இருந்துச்சு.

சரி, நண்பன் கதைக்கு வருவோம். 30 நாள் அப்பீல் கெடு முடிஞ்சதுல ஒரே ஒரு நல்லது உண்டு. கெடு முடிஞ்சதும் சிறுவனோட வழக்குப் பதிவுகளை நீக்கிடணும்னு சட்டம் சொல்லுது. பழைய வழக்கு அவன் வாழ்க்கையில எதுக்கும் தடையா இருக்கக்கூடாது. அவனோட பேரையும் அடையாளத்தையும் யாரும் வெளியிடக்கூடாது. நான் பேர் சொல்லாததுக்குக் காரணம் இதுதான்.

ஆனா 2019-ல சிங்கப்பூர் வேலைக்காக பாஸ்போர்ட் போட்டப்ப, விசாரணைக்கு வந்தவர் முதல் வார்த்தையே, "உம்மேல பழைய கேஸ் ஒண்ணு இருக்குமே"ன்னாராம். முடிஞ்சுபோன சிறார் வழக்கை நன்னடத்தைச் சான்றுக்காக போலீஸ் வெளியிடக்கூடாதுன்னு பிரிவு 74-லயே இருக்கு. வக்கீல் லெட்டர், குழுமத்தோட உத்தரவு நகல்னு அலைஞ்சு பாஸ்போர்ட் வர்றதுக்குள்ள எட்டு மாசம். அந்த வேலை வேற யாருக்கோ போயிடுச்சு. கோர்ட்டுல டெலீட் பண்ணிட்டாங்க. நோட்டுலயும் எவர் போன்லயோ இருக்குற போட்டோவுலயும் யார் டெலீட் பண்ணுவா? ஒரு காப்பியை அழிச்சா எல்லாக் காப்பியும் அழியாதுன்னு என் தொழில்ல இருக்குற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. தமிழ்நாடு போலீஸ் 2021-ல முக அடையாள மென்பொருளே கொண்டு வந்துடுச்சு. 2024 மே மாசம் அதுல இருந்து தரவு வெளிய போயிட்டதா செய்தியும் வந்துச்சு. இனிமே ரோட்டோரத்துல எடுக்குற ஒரு போட்டோ எங்கெல்லாம் போகும்னு நினைச்சாலே பயமா இருக்கு. 2024 ஜூலையில இருந்து நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்துல, சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்கணும்னு பிரிவு 105 சொல்லுது. நல்லது. ஆனா ஒண்ணும் கிடைக்காம, ஒரு அறை விட்டு அனுப்பினா அதை எந்த வீடியோவுல தேடறது?

போன மாசம் ஊருக்குப் போனப்ப அவனைப் பார்த்தேன். இப்ப உப்பு லாரி ஓட்டுறான். டீக்கடையில உட்கார்ந்திருந்தோம். இத்தனை வருஷத்துல முதல் தடவையா நானே ஆரம்பிச்சேன்.

"மச்சான், அன்னைக்கு நான் ஓடியிருக்கக் கூடாதுடா. வக்கீல் கேட்டப்பவாவது என் பேரைச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லி? உனக்கு காலேஜ் சீட்டு இருந்துச்சு. எனக்கு என்ன இருந்துச்சு, விடு." கொஞ்ச நேரம் டீயையே பார்த்துட்டிருந்தான். அப்புறம், "நீதான் என்னென்னமோ எழுதுறியாமே. இதை எழுது. பேர் போடாத"ன்னான்.

அவனோட அக்கா பையனுக்கு இப்ப 16. ஸ்கூல் லீவுல உப்பளத்துக்குப் போறான், அதே மூணு மணிக்கு. மாமன்காரன் அவனுக்கு ஒரு அட்டை பண்ணிக் கொடுத்திருக்கான். ஒரு பக்கம் ஸ்கூல் ஐ.டி., பிறந்த தேதி பெருசா. மறுபக்கம் அம்மா நம்பரும், குழந்தைகள் உதவி எண் 1098-ம். லேமினேட் பண்ண முப்பது ரூபாய். எண்ணெயை பிளாஸ்டிக் டப்பாவுல மாத்திட்டாங்களாம், குவார்ட்டர் பாட்டில் வீட்டுக்குள்ளயே வரக்கூடாதுன்னு உத்தரவு.

அட்டையை வாங்கிப் பார்த்துட்டு, என் போன் நம்பரையும் எழுதச் சொன்னேன். "நீ பெங்களூருல இருந்துக்கிட்டு என்னடா பண்ணுவ?"ன்னு சிரிச்சான். "எத்தனை மணி, யாரு, எந்த வண்டின்னு எழுதி வைப்பேன்டா. அதையாவது பண்றேன்"னேன்.

எழுதிக்கிட்டான்.

டிஸ்கி 1: எல்லா போலீசும் இப்படின்னு சொல்ல வரலை. 11 நாள் கழிச்சு வந்த சான்றைப் பார்த்ததும், "முதல்லயே கேட்டிருக்கணும்"னு வருத்தப்பட்ட ஒரு ஏட்டையாவை அப்பா இன்னமும் சொல்லுவார்.

டிஸ்கி 2: உங்க ஊர்லயும் மூணு மணிக்கு வேலைக்குப் போற பசங்க இருப்பாங்க. மீன் ஏலம், பூ மார்க்கெட், பேப்பர் போடறது, பால். அவங்க பாக்கெட்டுல பிறந்த தேதி இருக்கான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. யாராவது ஒருத்தனை ஜீப்புல ஏத்துறதைப் பார்த்தா, தயவு செஞ்சு என்னை மாதிரி ஓடிடாதீங்க.